பின்னால் வரும் பெட்டிகளுக்கும் முதல் நாளே பட்டியல்

கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவி நர்ஸ். கனடாவுக்குக் குடும்பத்தோடு பிஆர், அதாவது நிரந்தரமாக வசிக்கும் அனுமதி, கிடைத்துவிட்டது. மார்ச் மாதம் நான்கு சூட்கேஸோடு அவரும் மனைவியும் மகளும் கிளம்புகிறார்கள். பாத்திரங்கள், கிரைண்டர், புத்தகங்கள், பாட்டியின் ஈட்டி மரப் பெட்டி ஆகியவற்றை ஆறு மாதம் கழித்துக் கப்பலில் வரவழைக்கலாம் என்று எண்ணம். எல்லாவற்றையும் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமா, என்ன விலை போடுவது, குறைத்துப் போட்டால் வரி குறையுமா என்பவை அவர் கேள்விகள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருக்கும் பயம் ஒன்றுதான்: உள்ளதை உள்ளபடி எழுதினால் பணம் கட்டச் சொல்லிவிடுவார்களோ? உங்களைப் போல முதல் முறை குடியேறுகிறவர்களுக்கு நிலைமை நேர் எதிர். எழுதிய பழைய சாமானுக்கு வரி இல்லை. எழுதாமல் விட்டதற்குத்தான் வரி வரும், சில சமயம் அபராதமும் சேர்ந்து வரும்.

நான் கோயம்புத்தூரில், சரக்குகளின் சுங்க வேலையை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் 19 ஆண்டு வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களின் வீட்டுச் சாமான் வேலை. நீலகிரிக்காரர்களின் காகிதங்கள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும், நானும் மலைக்காரன் என்பதால். இந்தியப் பக்கத்து நடைமுறை எனக்குக் கைப்பழக்கம். கனடாப் பக்கம் விதிகளைப் படித்தும், அங்கே போனவர்கள் திருப்பி அனுப்பிய காகிதங்களைப் பார்த்தும் கற்றது. விதி என்ன சொல்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். கவுன்டரில் இருக்கும் அதிகாரி ஒரு குறிப்பிட்ட பெட்டியைத் திறந்து பார்ப்பாரா இல்லையா என்பது அவர் கையில். அதை நான் சொல்ல முடியாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

முதலில் விதி. கனடாவில் புதிதாகக் குடியேறுகிறவர் தன் வீட்டுப் பொருட்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். அதற்கு மூன்று நிபந்தனை: அந்தப் பொருள் அவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அவர் கைவசம் இருந்திருக்க வேண்டும், அவர் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்றும் கனடாவில் காலை வைப்பதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சலுகை கிடையாது. நம் ஆட்கள் தவறுவது மூன்றாவதில்தான். போகிற ஊரில் விலை அதிகம் என்று சொல்லி, கிளம்புகிற வாரம் உப்பிலிபாளையத்திலோ காந்திபுரத்திலோ போய்ப் புது குக்கர், புது மிக்ஸி, பன்னிரண்டு புடவை என்று வாங்கி, விலைச்சீட்டு கூடப் பிரிக்காமல் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அது உங்களுக்குச் சொந்தம்தான், கைவசமும் இருந்தது. ஆனால் பயன்படுத்தியதாக எப்படிச் சொல்வீர்கள்? அதற்கு வரி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். திருமணமாகி மூன்று மாதத்துக்குள் போகிறவர்களின் கல்யாணப் பரிசுகளுக்கு மட்டும் இந்த 'பயன்படுத்திய' நிபந்தனை தளர்த்தப்பட்டிருக்கிறது. உங்களுக்குப் பள்ளிக்குப் போகும் மகள் இருப்பதால் அது பொருந்தாது.

கிரைண்டரைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துச் சாமானில் அது இல்லாத வீடே கிடையாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நீங்கள் பத்து வருடமாக மாவு அரைக்கும் கிரைண்டருக்கு வரி கிடையாது, ஆனால் அங்கே நேரடியாகச் செருகினால் ஓடாது. அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்தாலும், இந்த ஹெர்ட்ஸ் வித்தியாசத்தால் மோட்டார் இங்கே ஓடிய மாதிரி ஓடாது. கோவையில் 110 வோல்ட் கிரைண்டர் கிடைக்கிறது. அதை வாங்கினால் அங்கே ஓடும், ஆனால் இங்கே ஒரு நாளும் ஓட்டியிருக்க முடியாது, ஆகவே அது புதுப் பொருள். பட்டியலில் 'புதியது' என்றே எழுதி, பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரைண்டருக்கு வரும் வரி பெரிய தொகையாக இருக்காது. அதைப் பழையது என்று எழுதி, அதிகாரி பிளாஸ்டிக் உறை பிரியாத கல்லைப் பார்த்துவிட்டால், பட்டியலில் இருக்கும் மற்ற எல்லாவற்றின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். சாமானை ஆறு மாதம் கழித்து வரவழைப்பது தவறே இல்லை, வழக்கமானதுதான். ஆனால் அதற்கான பட்டியலை மார்ச்சில், நீங்கள் முதன்முதலாக இறங்கும் விமான நிலையத்திலேயே கொடுத்துவிட வேண்டும். பட்டியல் இரண்டு பகுதியாக இருக்க வேண்டும்: கையோடு கொண்டுவந்தவை ஒன்று, பின்னால் வரப்போகிறவை இன்னொன்று. அதை வைத்து அதிகாரி பிஎஸ்எஃப் 186 என்ற படிவத்தைப் போடுவார். முன்பு இதன் பெயர் பி4. பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். முத்திரை வைத்து ஒரு பிரதி உங்களிடம் தருவார்கள். கப்பல் சாமான் வந்து சேர்ந்ததும் அந்தப் பிரதியைக் காட்டித்தான் வரியில்லாமல் எடுக்க முடியும். இறங்கிய அன்று சொல்லாத பொருள் பின்னால் வந்தால், அது உங்கள் பாட்டன் சொத்தாகவே இருந்தாலும் சாதாரண இறக்குமதி மாதிரி வரி போட இடமுண்டு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நானே செய்த தவறு. குன்னூரிலிருந்து ஒரு குடும்பம். 'சாமான் கிளம்பும்போது பேக்கிங் லிஸ்ட் தருகிறோம், அதுவே போதும்' என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் இறங்கும்போது, பின்னால் ஏதாவது வருகிறதா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். களைப்பில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான்கு மாதம் கழித்துக் கன்டெய்னர் போய்ச் சேர்ந்தபோது கையில் முத்திரை வைத்த படிவம் இல்லை. இருபது வருடம் புழங்கிய கட்டிலுக்கும் பீரோவுக்கும் வரி கட்டினார்கள், அதற்குள் கிடங்கு வாடகை வேறு ஏறியிருந்தது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை. அன்று முதல் கனடா போகிற எவரிடமும் முதல் வார்த்தையாக இதைத்தான் சொல்லி வந்தேன்.

ஆகவே அனுப்புவோமா வேண்டாமா என்று முடிவாகாத பொருளையும் 'பின்னால் வருபவை' பகுதியில் எழுதிவிடுங்கள். எழுதிய பொருளை அனுப்பாமல் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. இதில் ஒரே விலக்கு மதுவும் புகையிலையும். அவை கையோடு வந்தால் மட்டும், அதுவும் குறிப்பிட்ட அளவுக்குத்தான் சலுகை. பின்னால் கப்பலில் வந்தால் கிடையாது.

பட்டியல் எப்படி எழுதுவது? அறை அறையாகப் போங்கள். சமையலறை, பூஜை அலமாரி, படுக்கையறை, பரண் என்று. பரணை மறக்காதீர்கள், பாதி சாமான் அங்கேதான் இருக்கும். 'சமையல் சாமான், 1 பெட்டி' என்று எழுதுவது உதவாது. 'எவர்சில்வர் பாத்திரம் 32, பித்தளைக் குத்துவிளக்கு 2, இட்லிக் கொப்பரை 1, இரும்புத் தோசைக்கல் 2' என்று எழுதுங்கள். மின்சாதனமாக இருந்தால் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கனடா டாலரில் மதிப்பு. பட்டியலை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அவர்கள் இரண்டு பிரதி கேட்பார்கள், நீங்கள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில், 1970களில் நுவரெலியாத் தோட்டத்திலிருந்து தலைமன்னார் வழியாக ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். டிரங்குப் பெட்டியில் என்ன இருந்தது என்று கடைசி வரை வரிசை மாறாமல் சொல்வார்: கம்பளி இரண்டு, வெண்கலச் சட்டி ஒன்று, கொழுந்துக் கத்தி ஒன்று, சாமி படம் மூன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர், சுங்கத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு மூச்சில் ஒப்பித்திருக்கிறார். உங்கள் மனைவிக்கும் உங்களுக்கும் அந்த அளவு பட்டியல் மனப்பாடமாக இருக்கட்டும். அதிகாரி காகிதத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்.

கோவையில் பேக்கர்ஸ் வந்து கட்டும்போது அவர்கள் தனியாக ஒரு பேக்கிங் லிஸ்ட் போடுவார்கள். பெரிய கன்டெய்னர் லாரி கோத்தகிரி வளைவுகளில் ஏறுவது சிரமம். சிறிய வண்டியில் மேட்டுப்பாளையம் இறக்கி, கீழே போய்த்தான் கன்டெய்னரில் ஏற்றுவார்கள். தூத்துக்குடியோ கொச்சியோ எந்தத் துறைமுகம் என்பது கப்பலைப் பொறுத்தது. இப்படி இரண்டு இடத்தில் கைமாறுவதால் பெட்டி எண் குழம்பும். நீங்கள் கனடாவில் கொடுத்த பட்டியலும் பேக்கர்ஸ் பட்டியலும் பெட்டிக்குப் பெட்டி ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை, ஆனால் பொருளுக்குப் பொருள் ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று, நீங்களே கட்டிக் கொடுக்கும் பெட்டிகளில் 'உரிமையாளரே கட்டியது' என்று பொருள்படும் பிபிஓ என்ற மூன்றெழுத்தைப் போடுவார்கள். அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு அதிகம். முடிந்தவரை அவர்கள் முன்னிலையில் கட்டுங்கள்.

விலைக்கு வருவோம். வாங்கிய விலையைப் போட வேண்டாம், கடையில் இன்று விற்கும் விலையையும் போட வேண்டாம். இந்த நிலையில், இந்தப் பழைய பொருளை ஒருவர் வாங்கினால் என்ன கொடுப்பார் என்பதே மதிப்பு. பதினைந்து வருடப் பீரோவுக்குப் பழைய சாமான் கடைக்காரர் என்ன சொல்வாரோ அதை எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம். வரியே இல்லாத பொருளுக்கு விலையைக் குறைத்து எழுதி உங்களுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. அதே சமயம் கப்பல் இன்சூரன்ஸுக்கு நீங்கள் கொடுக்கும் தொகை, உடைந்தால் புதிதாக வாங்க ஆகும் விலையாக இருக்கும். இரண்டு காகிதத்திலும் இரண்டு தொகை இருப்பது தவறல்ல. கேட்டால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வரியில்லாமல் கொண்டுவந்த பொருளை 12 மாதத்துக்குள் விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ அப்போது வரி கட்ட வேண்டிவரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நகையைக் கப்பலில் அனுப்பாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள், பட்டியலிலும் எழுதுங்கள். 'தங்கச் செயின் 1' என்பது போதாது. மதிப்பீட்டுச் சான்று, தேதி போட்ட புகைப்படம், அதில் நகை மதிப்பீட்டாளரின் கையெழுத்து, இதைத்தான் கனடாச் சுங்கமே பரிந்துரைக்கிறது. தாலிக்கொடி, வளையல், மகளின் கொலுசு எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துத் தனித்தனியாகப் படம் எடுங்கள். நம் ஊர் விமான நிலையத்தில் கிளம்பும்போது இந்தியச் சுங்கத்திடம் நகைக்கு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். மூன்று வருடம் கழித்து ஊருக்கு வரும்போது அதே நகைக்கு இங்கே வரி கேட்டால் அந்தச் சான்றுதான் பேசும். அதற்காகவே வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பணம் 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால், டிராஃப்ட் உட்பட, சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் அதற்கு வரி கிடையாது. சொல்லாவிட்டால் பிடித்து வைப்பார்கள்.

பாட்டியின் ஈட்டி மரப் பெட்டிதான் உங்கள் சாமானிலேயே கவனம் தேவைப்படும் பொருள். ஈட்டி, அதாவது நாம் தோதகத்தி என்றும் சொல்லும் மரம், 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அரிய விலங்கு, தாவர வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் அது; அந்தப் பட்டியலில் உள்ளதை நாட்டைவிட்டு அனுப்ப அனுமதிக் காகிதம் வேண்டும். செய்து முடித்த பொருளில் அந்த மரத்தின் எடை 10 கிலோவுக்குள் இருந்தால் அந்த அனுமதிக் காகிதம் தேவையில்லை. ஆகவே முதல் வேலையாகப் பெட்டியைக் காலி செய்து, தேயிலைக் கொழுந்து எடை போடும் தராசில் நிறுத்துப் பாருங்கள். பித்தளைப் பட்டையும் பூட்டும் மரத்தில் சேராது. 10 கிலோவைத் தாண்டினால், பெட்டி கிளம்புவதற்கு முன்பே இந்தியப் பக்கத்துச் சான்று கையில் வர வேண்டும். கப்பல் ஏறிய பிறகு வாங்க முடியாது. சொந்த வீட்டுப் பொருள் என்றால் விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது என்பது உண்மை, ஆனால் நாட்டுக்கு நாடு அதை நடத்தும் விதம் வேறு. பாட்டியின் பெட்டியை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

பெட்டி எவ்வளவு பழையது என்பதும் முக்கியம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. ஏட்டுச்சுவடி, கையெழுத்துப் பிரதி என்றால் 75 ஆண்டு. உங்கள் பாட்டிக்கு அவர் அம்மா கொடுத்த பெட்டி என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிவிடுவது நல்லது. வெள்ளைக்காரன் பங்களா ஏலத்தில் வாங்கிய கடிகாரம், கிராமபோன் வைத்திருக்கும் ஊட்டி, குன்னூர் வீடுகளுக்கும் இதுவே. அந்த மாதிரி வீடுகளில் சுவரில் கடமான் கொம்பும் இருக்கும். அதை இறக்கிப் பெட்டியில் வைக்கும் எண்ணமே வேண்டாம். வனவிலங்குச் சட்டம் உங்களை இங்கேயே பிடிக்கும். பூஜை அறை மயிலிறகும் அப்படித்தான், அதை நாட்டைவிட்டு எடுத்துப் போக அனுமதி கிடையாது.

இன்னொரு மலைநாட்டுப் பிரச்சினை மரச்சட்டம். பெட்டியைப் பத்திரமாக அனுப்ப வேண்டும் என்று நம் ஊர் ஆசாரியிடம் சொன்னால், தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் பலகையில் அருமையாக ஒரு கூடு அடித்துக் கொடுப்பார். அந்தக் கூட்டைக் கனடாவில் தடுத்து நிறுத்திவிடுவார்கள். கட்டுவதற்குப் பயன்படும் பச்சைப் பலகைக்குள் பூச்சி போய்விடக் கூடாது என்பதற்காக, மரத்தின் உள்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டிருக்க வேண்டும் அல்லது அங்கீகரிக்கப்பட்ட புகைமூட்டம் போடப்பட்டிருக்க வேண்டும், அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை பலகையில் குத்தியிருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. ஆகவே பிளைவுட் கூடு, அல்லது முத்திரை உள்ள பலகை. ஆசாரியின் கைவேலையை உள்ளே இருக்கும் பெட்டிக்குப் பிடி சரிசெய்யப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நீலகிரித் தைலம் எளிதில் தீப்பற்றும் பொருள், வீட்டுச் சாமான் கன்டெய்னரில் போடவே கூடாது. தேயிலைத்தூள், மசாலாப் பொடி, ஊறுகாய் எல்லாம் கையோடு போகட்டும், உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லுங்கள். விதை, செடி, பச்சை இலை வேண்டாம். மண் கூடவே கூடாது. தோட்டத்தில் போட்ட பூட்ஸ், களைக்கொட்டு, கவாத்துக் கத்தி இருந்தால் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்தோ போகிறவராக இருந்தால், கனடாவைவிடப் பல மடங்கு கடுமையாக இதைப் பார்ப்பார்கள். நம் மலைப் பழங்குடிகளான குறும்பர்கள் எடுத்த மலைத்தேன் பாட்டிலை நியூசிலாந்துக்குள் விடமாட்டார்கள்.

மற்ற நாடுகளுக்கு இதே பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் ஆறு மாதமாவது வைத்துப் பயன்படுத்திய பொருளாக இருக்க வேண்டும், அதோடு சலுகைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஒரு வருடப் பயன்பாடு பார்ப்பார்கள். கனடாவில் இத்தனை மாதம் என்ற கணக்கு இல்லை, வருவதற்கு முன் பயன்படுத்தியிருந்தால் போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மார்ச்சில் போய் ஆறு மாதம் கழித்து என்றால் செப்டம்பர், கொஞ்சம் தள்ளினால் அக்டோபர், நவம்பர். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். அந்த மாதங்களில் கட்டிய அட்டைப்பெட்டி மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள்ளேயே தொட்டால் நமுத்திருக்கும். அந்த ஈரத்தோடு கன்டெய்னரில் பல வாரம் அடைந்து கிடந்தால் புத்தகமும் கம்பளியும் பூசணம் பிடித்துத்தான் போய் இறங்கும். பட்டியலை மார்ச்சில் கொடுத்துவிட்டால் சாமான் எப்போது வேண்டுமானாலும் தயாராகலாம். ஏப்ரல், மே வெயிலில் உங்கள் அண்ணனையோ தம்பியையோ வைத்து எல்லாவற்றையும் காயவைத்துக் கட்டச் சொல்லுங்கள். பிஎஸ்எஃப் 186 பிரதியை ஃபோனில் படம் எடுத்து அவருக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள், பேக்கர்ஸ் முதல் நாளே அதைக் கேட்பார்கள்.